கேட்ட கதையும் சொன்ன கருத்தும்

பள்ளி நூலக அறையில் ஒரு மாலை நேரம். மாணவ மாணவியர் ஒன்பது பேர் நம் எதிரே அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் சில தாள்கள். சிலர் அவற்றை நான்காக மடித்து வைத்திருந்தனர். சிலருடைய தாள் உள்ளங்கை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. அவர்களை அழைத்து வந்த இளம் ஆசிரியர் செய்தியைச் சுருக்கமாகச் சொன்னார்.

“ஹஜ்ரத், குறும்படப் போட்டி ஒன்று அறிவித்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு கதை எழுதி வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுக்க நமக்கு வசதி கிடையாது. நீங்கள் கேட்டுவிட்டு, எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிட்டால் போதும்.”

எது தேறும், எது தேறாது! இச்சொற்களைக் கேட்டதும் நமக்கு உள்ளூர ஓர் அச்சம் தோன்றியது. அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மதரஸாவில் ஓதியவருக்குக் குறும்படத்தோடு என்ன தொடர்பு என வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நாம் அரபி மதரஸாவில் ஓதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வெழுதி, பின்னர்த் தமிழையும் முறையாகக் கற்று, முப்பது ஆண்டுகளாக இருமொழி இலக்கணமும் போதித்து வருகிறோம். படம் எடுக்கும் கலையை நாம் அறியோம். ஆயினும் இன்று பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கிறது. நாம் அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் எடுக்கத்தான் போகிறார்கள். மேலும், அவர்கள் நம்மிடம் கொண்டு வருவது படத்தை அன்று, கதையை. கதையைக் கேட்டுக் கருத்துரைப்பது நம் முன்னோர்க்குப் புதிய வேலை அன்று. தமிழில் நூல் செய்தவர் அவை கூட்டி அரங்கேற்றினார், அவையோர் ஐயம் எழுப்பினர், புலவர் விடையிறுத்தார். அந்த மரபின் ஒரு சிறு துணுக்குத்தான் பள்ளி நூலகத்தில் நம் எதிரே அமர்ந்திருந்தது.

திரைத்துறையில் இதனைக் ‘கதை சொல்வது’ என்கிறார்கள். படம் எடுக்க விரும்புகிறவர், பணம் போடுபவரிடமோ நடிப்பவரிடமோ சென்று, இனிமேல் எடுக்கப்போகும் படத்தை வாயாலேயே சொல்லிக் காட்டுகிறார். முழுக் கதையையும் ஓரிரு வரிகளில் அடக்கியதை ‘ஒன்லைன்’ என்பார்கள். கதையில் வருபவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, முடிவில் எது மாறுகிறது என்ற இவ்வளவும் அதில் தெரிய வேண்டும். இந்த நிலையில் கதை அப்போதுதான் முளைவிட்ட விதை போன்றது. எடுத்து முடித்த படத்தைக் குறை கூறினால் எடுத்தவர் வருந்துவார். ஆனாலும் படம் இருக்கும். எடுக்காத படத்தைக் குறை கூறினாலோ, அந்தப் படமே இல்லாமற் போய்விடக்கூடும். அப்படி ஒரு படம் இல்லாமற் போவதற்கு நாம் காரணமாக இருந்தோம்.

அது 2012ஆம் ஆண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி ஊர்தோறும் இளைஞர்களிடையே குறும்பட ஆர்வத்தை மூட்டிவிட்டிருந்த காலம். அந்நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் ஆகியோர் அவ்வாண்டிலேயே முழுநீளப் படங்களின் இயக்குநர்களாக வெளிப்பட்டனர். அதைக் கண்ட கல்லூரிப் பிள்ளைகள் பலரும் தாமும் அவ்வாறு ஆகலாம் என நம்பினர். அவர்களுள் ஒருவர், சிறுவயதில் மக்தபில் நம்மிடம் ஓதியவர், ஒருநாள் மஃரிபுக்குப் பின் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. “ஒரு கதை வைத்திருக்கிறேன் ஹஜ்ரத். நீங்கள் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும்” என்றார். இரண்டு பக்கந்தான். நின்றுகொண்டே வாசித்தார்.

அந்தக் கதை இது. தொண்ணூறுகளில் ஒரு கடலோர ஊர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் வாப்பா வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். அக்காலத்தில் பலர் செய்தது போலவே, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புகிறார். சிறுவனுக்கு வாப்பா என்றால் அந்தக் கேசட்தான். டேப் ரிக்கார்டரை அணைத்துக்கொண்டே உறங்குகிறான். ஒருநாள் வாப்பா இரண்டு மாத விடுமுறையில் உண்மையாகவே வந்து சேர்கிறார். மீசையும் அத்தர் வாசனையுமாக வந்த அந்த அந்நியரைக் கண்டு சிறுவன் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். அழைத்தால் வருவதில்லை. கொடுத்த பொம்மையைத் தொடுவதில்லை. இரவானதும் வழக்கம்போல் கேசட்டைப் போட்டுக் கேட்கிறான். வாப்பா அதே கூடத்தின் மறுகோடியில் அமர்ந்து, தம் குரலைத் தம் மகன் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. கேசட் ஒரு வாக்கியத்தின் நடுவில் இழுத்துக்கொண்டு ஓய்கிறது. சிறுவன் விசும்புகிறான். இருட்டுக்குள்ளிருந்து, விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை அதே குரல் தொடர்கிறது. சற்று நேரத்தில், தரையில் ஊர்ந்து வரும் சிறு கால்களின் ஓசை. படம் முடிகிறது.

இன்று இதனை எழுதும்போதே நம் கை தயங்குகிறது. ஆனால் அன்று நாம் தயங்கவில்லை. “கதை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் இதில் படிப்பினை என்ன?” என்று தொடங்கினோம். பெற்ற தகப்பனைக் கண்டு பிள்ளை ஒளிவதாகக் காட்டுவது முறையன்று என்றோம். அயலகத்தில் தகப்பன் படும் பாட்டைத் தாய் பிள்ளைக்கு எடுத்துரைக்கும் ஒரு காட்சி வேண்டும் என்றோம். தொடக்கத்தில் விமான நிலையத்தில் குடும்பமே கண்ணீரோடு வழியனுப்பும் காட்சியை வைத்தால் உருக்கமாக இருக்கும் என்றோம். முடிவில் வாப்பா, இனித் திரும்பிப் போவதில்லை என உறுதி பூணுவதாக வைத்தால் சமுதாயத்துக்கு ஒரு செய்தி கிடைக்கும் என்றும் சொன்னோம். அவர் அனைத்தையும் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. “சரி ஹஜ்ரத்” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்றார். நல்ல கருத்துச் சொன்னோம் என்ற மனநிறைவோடு நாம் இஷாத் தொழுகைக்குப் புறப்பட்டோம்.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. படிப்பு முடிந்ததும் அவரும் தம் வாப்பாவைப் போலவே வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டார். நாமும் அதனை மறந்துபோனோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு வலீமா விருந்தில் அவருடைய தாய்மாமாவோடு ஒரே சஹனில் அமர நேர்ந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “அவன் சின்ன வயதில் டேப்பைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான், ஹஜ்ரத். மச்சான் ஊருக்கு வந்தபோது பத்து நாள் கிட்டவே போகவில்லை. ஒருநாள் இரவு கரண்ட் போனது பாருங்கள், அன்றைக்குத்தான் போய் ஒட்டிக்கொண்டான்.” சோற்றை அள்ளிய நம் கை சஹனிலேயே நின்றுவிட்டது.

கதையென்று அவர் நம்மிடம் கொண்டு வந்தது தம் சொந்த இதயத்தை. பெற்ற தகப்பனைக் கண்டு பிள்ளை ஒளியலாமா என்று நாம் திருத்தியது அந்தப் பிள்ளையிடமே.

அன்றிலிருந்து, நாம் செய்த பிழை யாது எனப் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். நாம் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. முதலில் பாராட்டவும் செய்தோம். நாம் கூறிய யோசனைகளும் தம்மளவில் தீயவை அல்ல. எனினும் அவற்றுள் ஒன்றேனும் அவருடைய கதையைப் பற்றியதாக இல்லை. அந்தக் கதையின் உயிர், விளக்கு அணையும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் கதையின் மேல் நம் மனத்திலிருந்த நான்கு கதைகளை ஏற்றி வைத்துவிட்டு, அதனைக் கருத்துரை என்று அழைத்தோம். அறியாமையால் செய்தோம் என்று சொல்லித் தப்பவும் நமக்கு வழியில்லை. ஏனெனில் நாம் ஓதியதும் ஓதுவித்ததும் இதற்கு மாறானவை.

மதரஸாக்களில் பலாஃகத் எனும் சொல்வன்மைக் கலை போதிக்கப்படுகிறது. 1338இல் மறைந்த கத்தீப் அல்கஸ்வீனீ அவர்கள் வகுத்துத் தந்த நூலும், அதற்கு அறிஞர் தஃப்தாஸானீ எழுதிய விரிவுரையும் இன்றளவும் அங்கே பாடநூல்கள். அக்கலையின் அடிப்படை, பேச்சு தான் எழும் சூழல் வேண்டுவதற்கு இயைந்திருக்க வேண்டும் என்பதே. சொல்லளவை அந்நூலார் மூன்றாகப் பகுப்பர். கருத்தினும் சொல் குறைவாக அமைவது ஈஜாஸ்; சமமாக அமைவது முஸாவாத்; பயனோடு சொல் மிகுந்து அமைவது இத்னாப். மூன்றும் தத்தம் இடத்தில் அழகே. இடமறியாமல் செய்வதுதான் குற்றம். ஈஜாஸிலும் ஒரு வகை, கேட்போர் தாமே உணர்ந்துகொள்ளும் குறிப்பு இருக்கும்போது சொல்லையே விட்டுவிடுவது. அதற்கு ஹத்ஃபு என்று பெயர். பத்து நிமிடக் குறும்படம் என்பது ஈஜாஸுக்கு உரிய இடம். விளக்கை அணைத்து, முகத்தை மறைத்து, குரலை மட்டும் விட்டு வைத்த அந்த இளைஞர் ஹத்ஃபைத் தாமாகவே கண்டிருந்தார். ஆண்டுதோறும் அப்பாடத்தை நடத்திய நாமோ அவரை இத்னாபுக்கு இழுத்தோம். அதுவும் பயனற்ற இத்னாபுக்கு.

அரபு இலக்கிய வரலாற்றில் ஓர் அறிவிப்பு உண்டு. அறியாமைக் காலத்தில் உக்காழ் சந்தையில் கவிஞர் நாபிகா அத்துப்யானீக்குச் சிவந்த தோல் கூடாரம் ஒன்று அமைக்கப்படும். கவிஞர்கள் வந்து தம் கவிதைகளை அவர் முன் பாடித் தீர்ப்புப் பெறுவர். பின்னாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராக விளங்கிய ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அங்கே பாடினார்கள். தம் குலத்தாரின் விருந்துக் கலங்கள் முற்பகலில் மின்னுவதாக அவர்கள் பாடியிருந்தார்கள். இரவில் மின்னுவதாகச் சொல்லியிருந்தால் சிறப்பாக இருந்திருக்குமே என்பது அதற்குக் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. இருளில் வரும் விருந்தாளிகள் அல்லவா அதிகம்! நூற்றாண்டுகள் கழித்து, ‘நக்துஷ் ஷிஃர்’ என்னும் கவிதைத் திறனாய்வு நூலை எழுதிய குதாமா இப்னு ஜஃபர் இக்குறையை ஏற்கவில்லை. இரவில் சிறு ஒளியுடைய பொருளும் மின்னும், பகலில் மின்ன வேண்டுமாயின் மிகுந்த ஒளி வேண்டும், ஆகவே கவிஞர் தாம் கருதியதைச் சரியாகவே சொன்னார் என்பது அவர் வாதம். கவிஞர் கருதியது யாது என்று முதலில் கேட்டவர் குதாமா. தாம் விரும்பும் கவிதையை அதில் தேடியவர் குறை கண்டார். இந்த அறிவிப்பை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். நம் திண்ணையே உக்காழின் கூடாரமாக மாறியபோது நமக்கு அது நினைவில் வரவில்லை.

பிழையை உணர்ந்த பின், நல்ல குறும்படம் என்றால் என்ன என்று அறிய விரும்பிச் சிலவற்றைப் பார்த்தோம். அவற்றுள் நம் மனத்தில் நிலைத்தது ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் எடுத்த முதற்படம். ‘ரொட்டியும் சந்தும்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சிறுவர்க்கான கலைப் பணிகளுக்கென டெஹ்ரானில் ஏற்பட்ட நிறுவனத்திற்காக எடுத்தது. ஏறத்தாழப் பத்து நிமிடம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் குரைத்து மறிக்கிறது. பெரியவர் ஒருவரைப் பின்தொடர்ந்து கடக்க முயல்கிறான். அவர் இடையிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். அது வாலாட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசல் வரை வருகிறது. பிறகு அதே வழியில் வேறொரு சிறுவன் வருகிறான். நாய் மீண்டும் குரைக்கிறது. பேச்சு ஏறக்குறைய இல்லை. இக்கதையை ஒரே வரியில் சொன்னால், ‘நாயைக் கண்டு அஞ்சும் சிறுவன்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. 2012இல் இதனை யாரேனும் நம் திண்ணைக்குக் கொண்டு வந்திருந்தால், ‘இதில் படிப்பினை என்ன?’ என்றுதான் கேட்டிருப்போம். பார்த்து முடித்தவர்க்கோ அச்சம், தனிமை, ஈகை, நட்பு ஆகியவற்றைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நெஞ்சில் இருந்தபடியால், நூலக அறையில் அந்த இளம் ஆசிரியரிடம், “தேறும், தேறாது என்று நாம் சொல்லப் போவதில்லை. கேட்பது எப்படி என்று முதலில் எல்லோரும் சேர்ந்து பழகுவோம்” என்றோம். ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். ஒருவர் கதை சொன்னதும், கேட்டவருள் ஒருவர் அக்கதையைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரிதானா என்று கதைக்கு உரியவர் சொல்ல வேண்டும். அடுத்து, எந்த இடம் மனத்தில் தங்கியது என்பதை ஒவ்வொருவரும் கூற வேண்டும். அதன் பின்னர் ஐயங்களை வினாக்களாகக் கேட்க வேண்டும். குறை சொல்வதாயின், எந்த இடத்தில், எதனால் என்று காட்டிச் சொல்ல வேண்டும். அதற்கு மருந்து யாது என்பதைக் கதைக்கு உரியவரே தேட வேண்டும். அவர் கேட்டாலன்றி நாம் கொடுக்கக் கூடாது.

முதலில் வந்த மாணவர் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். படத்துக்கு எழுதும்போது ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது திரைத்துறையினரின் பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தாலே நான்கு பக்கம் மிகை. கைபேசி மோகத்தால் அழிந்த ஓர் அண்ணனின் கதை. பிறப்பு, பள்ளி, கல்லூரி, வேலையிழப்பு, மருத்துவமனை என்று அவன் வாழ்நாள் முழுவதும் அதில் இருந்தது. எந்த இடம் தங்கியது என்று கேட்டபோது ஐந்து பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். உம்மா தேநீர் கொண்டுபோய் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு வருகிறார். மறுமுறை போகும்போது அது ஆறிக் கிடக்கிறது. மீண்டும் சுடவைத்துக் கொண்டு போகிறார். இவ்வாறு மூன்று முறை. ஒன்பதாம் பக்கத்தில் இரண்டே வரிகளில் அது வந்து போயிருந்தது. “முன்னே உள்ள எட்டுப் பக்கமும் அந்தக் கோப்பைக்கு வழியா, தடையா? நீயே பார், தம்பி” என்று மட்டும் சொன்னோம். நன்னூலார் நூற்குற்றம் பத்து எனத் தொகுத்தவற்றுள் மிகைபடக் கூறல் ஒன்று. ‘உன் கதை சரியில்லை’ என்பது சுடுசொல். ‘இங்கே மிகைபடக் கூறியிருக்கிறாய்’ என்பது வழிகாட்டல். பெயரும் இடமும் தெரிந்த குறையைத் திருத்திவிடலாம்.

அடுத்தவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பழைய பெட்டியில் கிடைத்த குறிப்பேடு ஒன்றில் அரபு எழுத்துகளைக் காண்கிறாள் ஒரு சிறுமி. ஓதிப் பழகிய பிள்ளையாகையால் எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கிறாள், பொருள் விளங்கவில்லை. கட்டிலில் கிடக்கும் பார்வையிழந்த உம்மம்மா அதைக் கேட்டுச் சிரிக்கிறார். அது அரபியே அன்று. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். உம்மம்மா இளமையில் தம் மகளுக்காக எழுதி வைத்த தாலாட்டு! இதுவரை கேட்டதும் நமக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அதன்பின் ஆசிரியர் ஒருவர் தோன்றி, அரபுத் தமிழின் பெருமையைப் பற்றி மூன்று நிமிடம் உரையாற்றுவதாக எழுதியிருந்தாள். உண்மையைச் சொல்வதாயின், அந்த உரை நமக்கு மிகவும் பிடித்திருந்தது. நாம் எழுதும் கட்டுரை போலவே இருந்தது. அதுவே நம்மை எச்சரித்தது. “உம்மம்மா சிரித்த பிறகு, பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் எஞ்சியிருப்பது எது, அம்மா?” என்று கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். “ஒன்றுமில்லை, ஹஜ்ரத்” என்று சொல்லி, தன் கையாலேயே அம்மூன்று நிமிடத்தையும் அடித்துவிட்டாள். நன்னூலார் கூறும் மற்றொன்று விரித்தல் நீங்கிற்று. பலாஃகத் நூலார் கூறும் ஹத்ஃபு அமைந்தது. அந்தக் கலைச்சொல் எதையும் அவளிடம் நாம் சொல்லவில்லை.

இதனைப் படிக்கும் அன்பர்கள், கருத்துரை என்பது எப்போதும் மென்மையாகத் தடவிக் கொடுப்பதே என்று கொள்ள வேண்டாம். மூன்றாவதாக வந்த கதை நகைச்சுவைக் கதை. கடைத்தெருவில் திக்கித் திக்கிப் பேசும் ஒருவரிடம் பொருள் வாங்கப் போகிறவர்கள் படும் பாடுதான் கதை. பிள்ளைகள் சிரித்தார்கள். நம் ஊரில் அத்தகைய ஒருவர் இருக்கிறார் என்பதை அனைவரும் அறிவோம். கதையைத் திருப்பிச் சொல்லும் முறை வந்தபோது, “நாமே சொல்கிறோம்” என்று சொல்லி, அக்கதையை அந்தக் கடைக்காரரின் பக்கமிருந்து சொன்னோம். கடையைத் திறக்கிறார், ஒவ்வொருவராக வருகிறார்கள், ஒவ்வொருவரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள், கடையை அடைக்கிறார். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. “இந்தப் படத்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்க உன்னால் முடியுமா?” என்று கேட்டோம். “முடியாது, ஹஜ்ரத்” என்றார் அந்த மாணவர். “அப்படியானால் இதை எடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து. உனக்குச் சிரிக்க வைக்கத் தெரிகிறது. அது அரிய திறமை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை மட்டும் மாற்று” என்று வெளிப்படையாகவே சொன்னோம். தவறென்று கண்டதைத் தவறென்று சொல்லாமல் விடுவது மரியாதை அன்று; பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. ஆனால் அந்தத் தீர்ப்பை அவரே எட்டும்படி ஒரு வினாவை முன்னே அனுப்புவதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

இவ்வாறு ஒன்பது கதைகளையும் இரண்டு மாலைகளில் கேட்டு முடித்தோம். எந்த இரண்டை எடுப்பது என்பதைப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். தேநீர்க் கோப்பையும் உம்மம்மாவின் தாலாட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. கடைத்தெருக் கதையின் மாணவர் இரண்டு படங்களிலும் நகைச்சுவைப் பகுதிகளைத் தாம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பரிசு கிடைக்குமோ, கிடைக்காதோ. தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சென்ற பிள்ளை அவர்களுள் ஒருவரும் இல்லை.

இரண்டாம் நாள் இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வளைகுடா நாட்டில் பண்டகசாலை ஒன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மடல் எழுதினோம். 2012இல் அவர் கதைக்கு நாம் சொன்ன கருத்து தவறானது என்றும், அது யாருடைய கதை என்பதைப் பின்னரே அறிந்தோம் என்றும், அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினோம். மாணவரிடம் மன்னிப்புக் கேட்க ஆசிரியர்க்கு நாணம் வரத்தான் செய்தது. எழுதி அனுப்பிய பின் அந்த நாணம் போய்விட்டது.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் மறுமொழி வந்தது. எழுத்தாக அன்று, குரலாகப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். “ஹஜ்ரத், இதற்கெல்லாம் போய் மன்னிப்பு என்று சொல்லலாமா? எனக்கு அந்தக் கதையே மறந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் கதை எழுத வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்” என்றார்.

வருத்தம் கொண்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நம்மை நம்பியிருக்கிறார். ஆசிரியர் என்ற இடத்தில் இருப்பவரின் கருத்துக்கு உள்ள ஆபத்து இதுதான். ஏனையோர் சொன்னால் பிள்ளைகள் எதிர்த்து வாதிடுவார்கள். நாம் சொன்னால் நம்பிவிடுவார்கள். அக்குரலை இரண்டு முறை கேட்டோம். கேசட்டில் தம் வாப்பாவைக் கேட்ட சிறுவன் இப்போது எங்கிருந்தோ நமக்குக் குரல் அனுப்பியிருக்கிறார். அவரை நம் எதிரே அமர வைத்து அந்தக் கதையை மறுபடி ஒருமுறை வாசிக்கக் கேட்க வழியில்லை.

அக்கதையைப் பெயரும் ஊரும் குறிக்காமல் ஒரு கட்டுரையில் எழுதலாமா என அனுமதி கேட்டோம். சற்று நேரத்தில் இன்னொரு குரற்பதிவு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “எழுதுங்கள் ஹஜ்ரத். ஆனால் அந்த விமான நிலையக் காட்சி மட்டும் வேண்டாம்.”

கதையே மறந்துவிட்டது என்றவர்தாம் இப்படிச் சொன்னார்.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பிள்ளை என்றேனும் ஒரு மடித்த தாளோடு உங்கள் முன் வந்து நிற்கக்கூடும். அது படக்கதையாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், செய்ய நினைக்கும் தொழிலின் திட்டமாகவும் இருக்கலாம். கையிலுள்ள வேலையைச் சற்றே ஒதுக்கி வைத்து, முழுவதும் கேளுங்கள். கேட்டதை அப்பிள்ளையிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று பிள்ளை தலையசைத்த பிறகு, உங்கள் கருத்தைத் தொடங்குங்கள்.